பழைய மரை ஜாக்கியைப் பார்த்து வாங்குவதும் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதும்

சேலத்தின் பழைய இரும்புக் கடைகளிலும் லாரிப் பட்டறைகளிலும் பொறுமையாகத் தேடுபவர்களுக்கு, வார்ப்பிரும்பு உடலும், திருகுபோல் மரை வெட்டிய கனத்த மரைத்தண்டும் கொண்ட பழைய கார் ஜாக்கிகள் இன்றும் கிடைக்கின்றன. அம்பாசிடரையோ பழைய ஜீப்பையோ பராமரித்து வருபவர்கள் இவற்றை நாடுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. எண்ணெயால் இயங்கும் ஜாக்கியில் ரப்பர் சீல்கள் காலப்போக்கில் இறுகி வெடித்து எண்ணெய் கசியும். மரை ஜாக்கியில் அப்படிக் கெடுவதற்கு ரப்பரே கிடையாது. மரையின் சரிவு மிகக் குறைவாக இருப்பதால், கைப்பிடியை விட்டுவிட்டாலும் உராய்வே சுமையை அந்த உயரத்தில் நிறுத்துகிறது. இந்த நற்குணம் நிலைப்பதற்கு மரை தேயாமலும் வார்ப்பு விரிசல் விடாமலும் இருக்க வேண்டும் என்பதால், வாங்கும்போது பளபளப்பையும் புதுப் பெயின்ட்டையும் ஒதுக்கிவிட்டு இவ்விரண்டை மட்டும் ஆராயுங்கள். சொல்லப்போனால், புதிதாகப் பெயின்ட் அடித்த ஜாக்கியைவிடத் துருவும் அழுக்கும் தெரிகிற ஜாக்கியையே நான் நம்புவேன். அதில் எதுவும் மறைக்கப்பட்டிருக்காது.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலில் மரைத்தண்டை முழு உயரத்திற்கும் ஏற்றிப் பாருங்கள். சதுர மரையாக, அதாவது பற்கள் சதுர வடிவில் வெட்டப்பட்டதாக இருந்தால் அதன் விளிம்புகள் தட்டையாகவும் ஒரே தடிமனாகவும் இருக்க வேண்டும்; கத்தி முனைபோல் கூர்மையாகியிருந்தால் தேய்ந்துவிட்டது என்று பொருள், அதை வாங்க வேண்டாம். பிறகு பாதி உயரத்தில் நிறுத்தி, காரைத் தாங்கும் மேல்முனையான ஜாக்கியின் தலையைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். சிறிதளவு ஆட்டம் இயல்பானது; தண்டு தடதடவென்று ஆடினால் உள்ளே இருக்கும் நட்டு தேய்ந்திருக்கிறது. உச்சத்தில் தண்டு கழன்று வெளியே வராமல் தடுக்கும் அமைப்பு முறையாக இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து உடலைப் பாருங்கள். வார்ப்பிரும்பில் வெல்டிங் வைத்த தடயம் எங்கேனும் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டறியப் பட்டறைகளில் ஓர் எளிய முறை உண்டு. அடிப்பகுதியைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெயில் நன்றாக ஊறவிட்டு, துணியால் உலரத் துடைத்துச் சாக்பீஸ் பொடியைத் தூவினால், விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் சற்று நேரத்தில் கசிந்து பொடியின் மேல் ஈரக் கோடாகத் தெரியும்.

பழைய பிரிட்டிஷ் ஜாக்கிகளில் தாங்கும் எடை ‘சி.டபிள்யூ.டி.’ என்ற அளவில் பொறிக்கப்பட்டிருக்கலாம். ஒரு சி.டபிள்யூ.டி. என்பது 112 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 50.8 கிலோ, அத்தகைய 20 சேர்ந்தால் பிரிட்டிஷ் டன், 1,016 கிலோ. ஒரு சக்கரத்தைத் தூக்கும்போது காரின் எடை முழுவதும் ஜாக்கியின் மேல் வருவதில்லை என்றாலும், காரின் மொத்த எடைக்கும் மேல் தாங்கக்கூடியதாகவே தேர்ந்தெடுங்கள். எடைக் குறிப்பே இல்லாத ஜாக்கி தொடக்க நிலையினருக்கு ஏற்றதன்று.

வீட்டிற்குக் கொண்டுவந்ததும் மரையையும் பல்சக்கரங்களையும் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, உலர்ந்தபின் புதிய கிரீஸ் இடுங்கள். சமதளத்தில் காரைச் சிறிதளவே உயர்த்தி, யாரும் அருகில் செல்லாமல் பத்து நிமிடம் விட்டு, தரைக்கும் ஜாக்கியின் தலைக்கும் உள்ள உயரத்தை முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். உயரம் குறைந்தாலோ கைப்பிடி தானாகத் திரும்பினாலோ அந்த ஜாக்கியைப் பயன்படுத்தக் கூடாது.

தூக்கும் முறை

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கேனும் டயர் பஞ்சரானால், சரிவிலேயே ஜாக்கியைப் போட முற்படாமல், டயர் வீணானாலும் பரவாயில்லை என்று மெதுவாக ஊர்ந்து சமமான இடத்தை அடைவதே அறிவுடைமை.

ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இந்தக் கட்டையைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். ஆனால் சேர்வராயன் மலைத் தோட்டங்களில் ஓடிய பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் இது உயிர் காப்பது. அவ்வண்டியில் ஹேண்ட்பிரேக் சக்கரங்களைப் பிடிக்காமல், பின்னச்சுக்குச் செல்லும் தண்டைப் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழுந்ததும், இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவும் பல்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியலின் வழியே மற்றச் சக்கரம் உருள முடியும், அதனால் பிரேக் போட்டிருந்தும் வண்டி நகர்ந்துவிடும். பின்சக்கரம் இழுக்கும் எந்த வண்டியையும் கியரில் மட்டும் நிறுத்திவிட்டு நம்பக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்துங்கள். ஜாக்கியின் அடியில் தடித்த மரப்பலகை இருக்கட்டும். செங்கலும் ஹாலோ பிளாக்கும் சுமையில் திடீரென உடையக்கூடியவை, அவை வேண்டாம். ஜாக்கியின் தலை, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸிலோ அச்சின் உறுதியான பகுதியிலோ நேராகப் பொருந்த வேண்டும். ஏறும்போது ஜாக்கி சாயத் தொடங்கினால் உடனே இறக்கி மறுபடி வையுங்கள். டயர் தரையை விட்டு எழுந்தால் போதும், அதற்கு மேல் உயர்த்த வேண்டாம்.

சக்கரத்தை மாற்றும் வேலைக்கு இது போதுமானது. காருக்கு அடியில் படுத்துச் செய்யும் வேலையாக இருந்தால், எத்தனை நல்ல ஜாக்கியாக இருந்தாலும் இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் சுமையை இறக்கிய பிறகுதான் உடலின் எந்தப் பகுதியும் அடியில் போகலாம்.

மாற்றியதும் நட்டுகளைக் கையால் திருகி, காரைத் தரையில் இறக்கி, எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். சிறிது தூரம் ஓட்டியபின் நிறுத்தி மறுபடியும் ஸ்பானர் போட்டுப் பாருங்கள். ஜாக்கியை டிக்கியில் வைக்கும் முன், மரைத்தண்டை முழுவதும் இறக்கி, ஒட்டிய மண்ணைத் துடைத்துவிடுங்கள்.