ப்ரீமெட் பிள்ளைக்குக் காலேஜ் தேடும்போது

அமெரிக்காவில் ஹைஸ்கூல் முடித்ததும் நேராக மெடிக்கல் ஸ்கூலில் சேர முடியாது. நாலு வருட இளங்கலைப் பட்டம் முடித்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிரவுன் பல்கலைக்கழகத்தின் 8 வருடத் திட்டம் போலப் பட்டத்தையும் எம்.டி.யையும் (அங்கே டாக்டர் ஆவதற்கான முதல் மருத்துவப் பட்டம்) சேர்த்துத் தருபவை சில உண்டு. இடங்கள் மிகக் குறைவு.

'ப்ரீமெட்' என்பது பட்டத்தின் பெயர் இல்லை, மெடிக்கல் ஸ்கூல் கேட்கும் பாடங்களை இளங்கலையில் முடிக்கும் தயாரிப்பு. உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் நான்கும் பெரும்பாலும் ஆய்வகத்தோடு ஓராண்டு வீதம், கூடவே உயிர்வேதியியல். இவற்றை முடித்தால் வரலாறு மேஜர் (முதன்மைப் பாடம்) எடுத்தவரும் விண்ணப்பிக்கலாம். ஹைஸ்கூலிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபி மதிப்பெண்ணைக் காட்டி இவற்றைத் தாண்டுவதைச் சில மெடிக்கல் ஸ்கூல்கள் ஏற்பதில்லை. அதே துறையில் மேல்நிலைப் பாடம் எடுத்திருக்க வேண்டும் என்பார்கள்.

ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தருவது) இருக்கும் பிள்ளை என்றால், காலேஜுக்கு முன்னால் யோசிக்க வேண்டியது வேறு. 21 வயதில் அந்த விசா போய்விடும், கிரீன் கார்டு வராவிட்டால் மாணவர் விசாவான எஃப்-1 தான் வழி. பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்கள் எஃப்-1 மாணவர்களை எடுப்பதில்லை, எடுப்பவற்றிலும் ஃபெடரல் கடன் கிடையாது. எனவே வேறு வேலைக்கும் உதவும் மேஜராகப் பார்த்து எடுங்கள்.

மற்றவர்களுக்கு முதல் கேள்வி, ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) நிற்குமா என்பதுதான். எம்.டி. படிப்பில் சேர்ந்தவர்களின் சராசரி 3.8-ஐ ஒட்டி இருக்கிறது. மெடிக்கல் நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 528-க்கு 511, 512. விண்ணப்பத்தைத் தொகுக்கும் ஏஎம்சிஏஎஸ், அறிவியல், கணிதப் பாடங்களின் ஜிபிஏவைத் தனியாகவும் கணக்கிடும். திரும்பப் படித்து 'ஏ' வாங்கினாலும் பழைய 'சி' கணக்கை விட்டுப் போகாது. பெயர்பெற்ற காலேஜில் 3.3 வாங்குவதைவிடச் சாதாரண மாநிலப் பல்கலைக்கழகத்தில் 3.9 வாங்குவது எவ்வளவோ மேல். சேரும் முன் அங்கே கரிம வேதியியல் முடித்த மாணவரைப் பிடித்துக் கேளுங்கள்: வகுப்பில் எத்தனை பேர்? இத்தனை பேருக்குத்தான் 'ஏ' என்று கர்வ் போடுகிறார்களா? டியூட்டரிங் இலவசமா? வளாகத்தைச் சுற்றிக் காட்டுபவரிடம் கேட்டால் நல்லதுதான் வரும்.

"எங்கள் மாணவர்களில் 90 சதவீதம் பேருக்கு மெடிக்கல் சீட்" என்று காலேஜ் சொன்னால், யாரில் 90 சதவீதம் என்று கேளுங்கள். சில இடங்களில் ப்ரீமெட் கமிட்டியே பரிந்துரைக் கடிதம் எழுதும். தேற மாட்டார் என்று நினைப்பவருக்கு அதை மறுத்துவிட்டால் சதவீதம் தானாக ஏறிவிடும். முதல் வருடம் ப்ரீமெட் என்று வந்தவர் எத்தனை, விண்ணப்பித்தவர் எத்தனை, டி.ஓ. (எம்.டி. போன்ற இன்னொரு மருத்துவப் பட்டம்), கரீபியன் தீவுகளின் மெடிக்கல் ஸ்கூல் சீட்டுகளும் இதில் சேர்த்தியா என மூன்றையும் தனித்தனியே வாங்குங்கள். தயங்குகிற ஆலோசகரே ஒரு பதில்தான்.

பணத்தை 8 வருடக் கணக்காகப் பாருங்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேரும் மெடிக்கல் மாணவருக்கு ஃபெடரல் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர்தான். மிச்சத்தை ஈடுகட்டிய கிராட் பிளஸ் கடன் அவர்களுக்கு இல்லை. இளங்கலையிலேயே கையிருப்பைக் கரைத்தால் பின்னால் தனியார் வங்கிதான். மாநிலமும் முக்கியம்: டெக்ஸஸ் அரசு மெடிக்கல் ஸ்கூல்களில் 90 சதவீத இடம் அந்த மாநிலத்தவருக்கே.

கடைசியாக மேப்பைத் திறந்து, வளாகத்திலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று பாருங்கள். மெடிக்கல் ஸ்கூல்கள் எதிர்பார்க்கும் ஆஸ்பத்திரித் தன்னார்வ வேலைக்கு, கார் இல்லாத முதல் வருடத்தில் போவது பெரும்பாலும் அதைப் பொறுத்தது.