எச்.ஐ.வி உள்ளவர் புகைப்பதை நிறுத்த: கூட நிற்பவருக்கு

மருந்தை ஒழுங்காக எடுப்பவரின் ஆயுளை எச்.ஐ.வியைவிடப் புகைதான் கூடுதலாகக் குறைக்கும். முதலில் இதைக் கேளுங்கள்: எழும்பி எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? 30 நிமிடத்துக்குள் என்றால் 4 மி.கி. நிக்கோடின் சுவிங்கம், பிந்தினால் 2 மி.கி. பலர் சாதாரண சுவிங்கம்போல விடாமல் மென்று, விக்கலும் குமட்டலும் வந்து கைவிடுகிறார்கள். காரம் ஏறும்வரை மெதுவாக மென்று கன்னத்தில் ஒதுக்க வேண்டும். காரம் போனால் திரும்ப மெல்லலாம், மொத்தம் 30 நிமிடம். மெல்லத் தொடங்குவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே பிளேன்டீ வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போட்டால் விட்டதாகாது.

நிக்கோடின் எச்.ஐ.வி மருந்துகளோடு மோதாது. புகையை நிறுத்த உதவும் மாத்திரையான புப்ரோபியோனின் வீரியத்தை, எச்.ஐ.வி மருந்தான எஃபாவிரென்ஸ் குறைக்கும். கிளினிக்கில் கேட்காமல் தொடங்காதீர்கள்.

கிளிநொச்சியோ முல்லைத்தீவோ, கடை வாசலில் புகையைப் பற்றி மட்டும் பேசுங்கள். அவருடைய நோயைச் சொல்லும் உரிமை அவருக்கே.