லோ சுகர்: உடம்பின் அலாரத்தை மட்டும் நம்பினால் வரும் தவறுகள்

சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும். இது பலருக்கும் தெரியும். ஆனால் அந்த நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாததால்தான் லோ சுகர் விஷயத்தில் பாதித் தவறுகள் நடக்கின்றன.

ரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 80 மில்லிகிராமை ஒட்டி இறங்கும்போதே, ஆரோக்கியமான உடம்பு இன்சுலின் சுரப்பைக் குறைத்துவிடும். 70-க்குக் கீழே நெருங்கும்போது கணையம் குளுக்ககான் என்ற ஹார்மோனை விடும். அது கல்லீரலில் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜனை உடைத்து குளுக்கோஸாக ரத்தத்துக்கு அனுப்பச் செய்யும். கூடவே அட்ரினலினும் கிளம்பும். நடுக்கம், படபடப்பு எல்லாம் அது வந்ததன் அடையாளம். கார்டிசோலும் வளர்ச்சி ஹார்மோனும்கூட சுரக்கும், ஆனால் அவற்றின் பலன் தெரிய மணிக்கணக்காகும்.

இப்போது முதல் தவறு, என் கணக்கில் எல்லாவற்றையும் விட ஆபத்தானது: "எனக்கு லோ ஆனா உடனே தெரிஞ்சிடும்" என்ற நம்பிக்கை. ஊசியில் போட்ட இன்சுலினை உடம்பால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அங்கேயே முதல் தற்காப்பு போய்விட்டது. உடம்பு இன்சுலினே சுரக்காத டைப் 1 சர்க்கரை நோயில் சில வருடங்களிலேயே, சர்க்கரை இறங்கும்போது குளுக்ககான் சுரப்பதும் நின்றுபோகிறது. மிஞ்சுவது அட்ரினலின் ஒன்றுதான். அடிக்கடி லோ ஆனால் அதுவும் மந்தமாகிவிடும்: ஒவ்வொரு தடவையும் இன்னும் கீழே போன பிறகுதான் சுரக்கும், சுரப்பதும் குறையும். நேற்று 65-ல் நடுங்கியவருக்கு நாளடைவில் 50-லும் ஒன்றும் தோன்றாது. 54-க்குக் கீழே மூளைக்கு குளுக்கோஸ் போதாமல் பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் கோபம் வரும். அந்த நிலையில் "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று அவரே சாதிப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் அதை நம்பி விட்டுவிடக் கூடாது.

இதற்கு வழி இருக்கிறது. மருத்துவரிடம் சொல்லி இன்சுலின் அளவை மாற்றி, சில வாரங்கள் சர்க்கரை இறங்கவே விடாமல் பார்த்துக்கொண்டால், போன உணர்வு பெரும்பாலானவர்களுக்கு ஓரளவாவது திரும்பி வரும். ஆகவே "லேசா லோ ஆச்சு, சரியாயிடுச்சு" என்று மருத்துவரிடம் சொல்லாமல் விடுவதும் தவறுதான். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் அமுங்கிப்போகும், வேர்வை மட்டும் மிஞ்சும். காரணமில்லாத வேர்வையா, சர்க்கரையைப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. மாதக்கணக்கில் 300-ல் இருந்தவருக்கு 110-க்கு இறங்கினாலே லோ மாதிரி படபடக்கும். அதற்கு இனிப்பு தேவையில்லை. மீட்டர் இருந்தால் குத்திப் பாருங்கள். அதற்கு முன் கையைக் கழுவித் துடையுங்கள். பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். உண்மையான லோ அதில் மறைந்துபோகும். மீட்டர் இல்லையென்றால் லோ என்றே வைத்துக்கொண்டு இனிப்பு சாப்பிடுவதுதான் பாதுகாப்பு.

அப்புறம் சாப்பிடும் விஷயம். லோ ஆனதும் சாக்லேட்டைத் தேடாதீர்கள், அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 கிராம் குளுக்கோஸ், அல்லது சர்க்கரை கரைத்த தண்ணீர், அல்லது சுமார் 150 மில்லி பழச்சாறு போதும். சர்க்கரை நோய்க்கு அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு சாதாரண சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும், குளுக்கோஸே வேண்டும். எடுத்த பிறகு 15 நிமிடம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். இந்த 15 நிமிடம் கஷ்டமானதுதான். அகோரப் பசியும் பதற்றமும் விடாமல் துரத்தும். அந்த வேகத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் 300 காட்டும், அதை இறக்கக் கூடுதல் இன்சுலின் போட்டால் மறுபடி லோ. 15 நிமிடம் கழித்தும் 70-க்குக் கீழே இருந்தால் மட்டும் இன்னொரு 15 கிராம்.

இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் வந்த லோ ஒரு தடவை ஏறியதும் முடிந்துவிடாது. மருந்து உடம்பில் இருக்கும்வரை மறுபடி மறுபடி இறங்கும், முக்கியமாக வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும். இவர்களை மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பதே சரி.

வெறும் வயிற்றில் மது குடிப்பது தனி ஆபத்து. கல்லீரல் புதிதாக குளுக்கோஸ் தயாரிப்பதை மது தடுக்கும். கிளைக்கோஜனும் தீர்ந்திருந்தால் குளுக்ககான் ஊசி போட்டாலும் பெரிதாகப் பலன் இராது. மயக்கத்தைப் போதை என்று நினைத்துத் தூங்கவிட்டு விடுவதும் நடக்கிறது.

மயங்கிக் கிடப்பவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், குளுக்ககான் ஊசி இருந்தால் போடுங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நினைவு திரும்பி விழுங்க முடிந்த பிறகு இனிப்பு கொடுங்கள்.