மொட்டைமாடி நாற்காலிக் குஷன்களுக்குப் புது உறை: குறைந்த செலவில் நானே தைத்த முறை

திருவான்மியூரில் கடற்கரைக்கு அருகே குடியிருப்பதால், எங்கள் மொட்டைமாடியில் கிடக்கும் நான்கு பிளாஸ்டிக் பிரம்பு நாற்காலிகளின் குஷன்கள் சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் உப்புக்காற்றையும் ஒருசேர வாங்கிக்கொள்கின்றன. மூன்றாம் ஆண்டில் உறைகள் ஓரம் பிரிந்து தொங்கின. புதிய குஷன் வாங்குவதற்குக் கடையில் சொன்ன விலை நாற்காலியின் விலையில் பாதியை எட்டியதால், நானே தைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். முதல் முயற்சியில் தோற்று, இரண்டாம் முறையில்தான் சரியாக அமைந்தது. தையல் இயந்திரத்தில் நேர்த்தையல் போடத் தெரிந்த எவரும் இதனைச் செய்யலாம். நூல் கோப்பது, பாபின் சுற்றுவது போன்றவற்றை நான் இங்கே விளக்கப்போவதில்லை.

முதல் முயற்சியில் நேர்ந்த தவறை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். மழை உள்ளே போகக் கூடாது என்று எண்ணி, குஷனைச் சுற்றிலும் ரெக்சினால் மூடித் தைத்தேன். ஊசி இறங்கிய ஒவ்வொரு இடமும் ஒரு துளை என்பதையும், ஒரு குஷனில் அப்படிப்பட்ட துளைகள் பல நூறு இருக்கும் என்பதையும் அப்போது நினைக்கவில்லை. தண்ணீர் தையல் வழியே உள்ளே இறங்கியது. வெளியேறுவதற்குத்தான் வழியில்லை. மழைக்காலம் முடிவதற்குள் நான்கு குஷன்களும் ஈரக் கோணிச் சாக்கைப் போல நாறின. ஆகவே தண்ணீரைத் தடுப்பதைவிட, வந்த தண்ணீர் வடிந்து ஓட வழி விடுவதே இந்த வேலையின் அடிப்படை. கீழ்ப்பக்கத்திற்கு வலைத்துணி வைக்கச் சொல்வது இதனால்தான்.

முதலில் பழையதைப் பிரித்துப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் பழைய உறையின் ஓரத்தை இரு கைகளாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் துணி நன்றாகவே இருக்கும், நூல்தான் இற்றுப்போயிருக்கும். அப்படியானால் புதிய உறையே தேவையில்லை. பழைய தையலைப் பிரித்துவிட்டு, பாலியெஸ்டர் நூலால் அதே கோட்டில் மறுபடி தைத்தால் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடும். துணியைக் கைவிரலால் கீறும்போதே கிழிந்தால் மட்டும் உறையை மாற்றுங்கள்.

அடுத்தது ஃபோம். கட்டைவிரலால் ஆழமாகப் பத்து விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். பள்ளம் உடனே எழும்பினால் அது பிழைத்துக்கொள்ளும். மஞ்சள் பூத்த ஓரத்தைத் தேய்க்கும்போது ரவை போலப் பொடி உதிர்ந்தால் அதனைத் தூக்கி எறிவது தவிர வேறு வழியில்லை. என்னுடைய நான்கில் மூன்று தேறின, ஒன்று உதிர்ந்துவிட்டது.

தேறிய ஃபோமைத் துணிதுவைக்கும் சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, காலால் மிதித்து அலசுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது, கிழிந்துவிடும். பூஞ்சைக் கறுப்பு இருந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து தெளித்து, ஒரு மணி நேரம் கழித்து அலசலாம். பிளீச்சிங் நீரையும் வினிகரையும் ஒருபோதும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள், அவை சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளிவரும். அலசியதை நிழலில், காற்றோட்டத்தில், செங்குத்தாக நிறுத்திவையுங்கள். தொட்டால் காய்ந்தது போலத் தோன்றும் ஃபோமின் நடுவில் ஈரம் தங்கியிருக்கும் என்பதால், அவசரப்படாமல் மூன்று நாள் விடுங்கள்.

ஃபோமை எடை போட்டு வாங்குங்கள்

கடைக்காரர்கள் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று எண்ணைச் சொல்லித்தான் ஃபோம் விற்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை இருக்கும் என்பதே அந்த எண். இது தெரிந்தால் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. என் குஷனின் அளவு 22 அங்குல நீளம், 22 அங்குல அகலம், 3 அங்குலக் கனம். இந்த அளவில் உண்மையான 40 டென்சிட்டி ஃபோம் ஏறக்குறைய 950 கிராம் எடை இருக்க வேண்டும், 32 என்றால் 760 கிராம். ஒரு கடையில் 40 என்று சொல்லிக் கொடுத்த துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறைத் தராசில் வைத்தபோது 650 கிராம்தான் காட்டியது. அதன்பின் தராசைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஃபோம் வாங்கப் போகிறேன். உட்காரும் குஷனுக்கு 40-க்குக் குறைந்ததை வாங்காதீர்கள், முதுகுக் குஷனுக்கு 32 போதும்.

துணியும் நூலும் ஜிப்பும்

வெயிலில் ரெக்சின் சுடும், வியர்த்தால் ஒட்டும். பருத்திக் கேன்வாஸ் பார்வைக்கு அழகாக இருந்தாலும் ஈரத்தில் பூஞ்சை பூத்துவிடும். உள்புறம் மெல்லிய பூச்சுள்ள பாலியெஸ்டர் துணியே இந்தச் செலவில் கிடைப்பவற்றுள் சிறந்தது என்பது என் கருத்து. 54 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) இரண்டரை மீட்டர் எடுத்தால் நான்கு குஷன்களுக்கும் சரியாக வரும். கீழ்ப்பக்கத்திற்கு, பைகளில் வைத்துத் தைக்கும் பாலியெஸ்டர் மெஷ் துணி ஒன்றேகால் மீட்டர் வாங்குங்கள். கொசுவலைத் துணி வேண்டாம், அது ஃபோமின் இழுவையைத் தாங்காது.

நூல் பாலியெஸ்டராகவே இருக்கட்டும். பருத்தி நூல் இற்றுப்போகும். உறுதியானது என்று கடைகளில் நீட்டும் நைலான் நூல், வெயிலில் பாலியெஸ்டரைவிட விரைவாக வலுவிழக்கும். ஊசி 16-ஆம் எண், துணி தடிப்பாக இருந்தால் 18. தையல் நீளத்தை மூன்று அல்லது மூன்றரை மில்லிமீட்டரில் வையுங்கள். நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று நினைப்பது பூச்சுத் துணிக்குப் பொருந்தாது, தபால்தலை ஓரம் போல வரிசையாகத் துளை விழுந்து அந்தக் கோட்டிலேயே கிழியும். இயந்திரத்தைப் பொறுத்தவரை, பரணில் கிடக்கும் பழைய கறுப்பு இரும்பு மிஷினே இந்த வேலைக்கு ஏற்றது. எடை குறைந்த பிளாஸ்டிக் உடல் மிஷின்கள் நான்கு மடிப்புத் துணியின் முன்னால் திணறுகின்றன.

ஜிப் மீட்டர் கணக்கில் விற்கும் 5-ஆம் எண் நைலான் சுருள் வகை. உலோகப் பல் ஜிப் கடற்காற்றில் ஓராண்டுகூடத் தாங்கவில்லை. ஜிப்பைத் திறந்து மூட இழுக்கும் ரன்னர் மட்டும் உலோகம்தான், அதில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள்.

வெட்டும் அளவு

தையலுக்கு எல்லாப் பக்கமும் அரை அங்குலம் விட வேண்டும். உறை ஃபோமைவிட அரை அங்குலம் சிறியதாக இருந்தால்தான் சுருக்கமின்றி இறுக்கமாக நிற்கும். ஆகவே 22 அங்குலக் குஷனின் மேல்துண்டை 22½ அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். அடிப்பக்க மெஷ் துண்டும் அதே அளவு. குஷனின் பக்கவாட்டைச் சுற்றி மூடுபவை முன்பக்கப் பட்டியும் ஜிப் பட்டியும். முன்பக்கப் பட்டி 59 அங்குல நீளம், 4 அங்குல அகலம். ஜிப் பட்டிக்கு 29 அங்குல நீளமும் 2¾ அங்குல அகலமும் உள்ள இரண்டு துண்டுகள். 59 அங்குலம் துணியின் அகலத்தில் அடங்காது என்பதால், பட்டிகளைத் துணியின் நீளவாக்கில் வெட்டுங்கள்.

தைக்கும் வரிசை

ஜிப் பட்டியின் இரு துண்டுகளிலும் ஒரு நீள ஓரத்தை முக்கால் அங்குலம் உள்ளே மடித்து, மடிப்புகள் ஜிப்பின் நடுவில் சந்திக்கும்படி வைத்துத் தைத்து, ரன்னரை ஏற்றுங்கள். இதன் இரு முனைகளையும் முன்பட்டியின் முனைகளோடு இணைத்தால் 86 அங்குலச் சுற்றளவுள்ள வளையம் கிடைக்கும். இனி மேல்துண்டை இந்த வளையத்தோடு இணைக்க வேண்டும். குண்டூசி குத்தினால் பூச்சுத் துணியில் துளை நிரந்தரமாகிவிடும். கொடியில் துணி மாட்டும் கிளிப்புகளையே பயன்படுத்துங்கள்.

நான் தடுக்கி விழுந்த இடம் மூலைதான். மூலைக்கு அரை அங்குலம் இருக்கும்போது ஊசியைத் துணிக்குள் இறக்கிய நிலையிலேயே நிறுத்துங்கள். பிரஷர் ஃபுட்டைத் தூக்கி, பட்டியின் ஓரத்தில் மட்டும், அந்த ஊசிக்கு நேராகக் கத்தரியால் ஒரு வெட்டுக் கொடுங்கள். வெட்டு ஊசியைத் தொடாமல், அதற்குச் சற்று முன்பே நிற்க வேண்டும். அந்த வெட்டு விரிந்து கொடுப்பதால்தான் பட்டி மூலையில் மடங்கித் திரும்பும். பிறகு துணியைத் திருப்பி, குறுக்காக இரண்டு தையல் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் தொடருங்கள். அந்தக் குறுக்குத் தையல் இல்லாவிட்டால், உறையைத் திருப்பியதும் மூலை ஆட்டுக்காது போல நீட்டிக்கொண்டிருக்கும்.

மேல்பக்கம் முடிந்ததும் நேராக அடிப்பக்கத்திற்குத் தாவாதீர்கள். நான் அப்படித்தான் தாவினேன். மெஷ் துணி இழுத்த இழுப்புக்கு நீளும் இயல்புடையது என்பதால், கீழ் மூலைகள் மேல் மூலைகளிலிருந்து ஓர் அங்குலம் விலகி, உறை முழுவதும் பிழிந்த துண்டைப் போல முறுக்கிக்கொண்டது. பிரித்துத் தைத்தபோது பழைய ஊசித்துளைகள் அப்படியே நின்றுவிட்டன. இப்போது நான் செய்வது இதுதான்: மேல்மூலை ஒவ்வொன்றிலிருந்தும் பட்டியை நேர்க்கோட்டில் கீழே மடித்துப் பிடித்து, அதன் எதிர் ஓரத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்து, அங்கேயும் சிறு வெட்டுக் கொடுக்கிறேன். மெஷ் துண்டின் நான்கு மூலைகளையும் அந்த நான்கு வெட்டுகளில் முதலில் கிளிப்பால் பொருத்திவிட்டு, இடைப்பட்ட பகுதியைப் பிறகு சரிசெய்து தைக்கிறேன்.

அடிப்பக்கத்தைத் தைப்பதற்கு முன் ஜிப்பைப் பாதியளவு திறந்துவையுங்கள். மூடிய ஜிப்போடு நான்கு பக்கமும் தைத்துவிட்டால் உறையை வெளிப்புறம் திருப்ப முடியாது. இதனை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்காதீர்கள். நாற்காலியில் கட்டுவதற்கான நாடாக்களையும் பின்பக்க இரு மூலைகளில் இதே தையலுக்குள் சேர்த்துவிடுங்கள், இல்லையேல் ஆடிக்காற்றில் குஷன் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

நுழைக்கும்போது ஃபோமைச் சுற்றி மெல்லிய ஃபைபர் ஷீட் (பஞ்சு விரிப்பு) ஒரு சுற்றுச் சுற்றினால் பழைய ஃபோமின் தளர்ச்சி தெரியாது. ஃபோம் உறைக்குள் வழுக்கிப் போவதற்கு, ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை அதன்மேல் போர்த்தி உள்ளே தள்ளிவிட்டு, பையை மட்டும் உருவிக்கொள்ளுங்கள்.

துணிக்கு 850, மெஷுக்கு 150, ஜிப்பும் ரன்னர்களும் 100, நூலும் ஊசிகளும் 100, ஒரு ஃபோமுக்கு 700, ஃபைபர் ஷீட்டுக்கு 200 என்று மொத்தம் 2,100 ரூபாய் ஆனது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின.

பின்சேர்க்கை: ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ரெக்சினிலேயே தைக்க முயன்ற வாசகர் ஒருவர், துணி நகராமல் பிரஷர் ஃபுட்டில் ஒட்டிக்கொள்கிறது என்று எழுதியிருந்தார். ரெக்சினின் மேல் செய்தித்தாளைப் பட்டையாகக் கிழித்து வைத்து, அதன்மேல் தைத்துவிட்டுப் பிறகு காகிதத்தைக் கிழித்தெடுக்கலாம். அடிப்பக்கத்திற்கு அவரும் மெஷ்தான் வைக்க வேண்டும்.

இன்னொரு பின்சேர்க்கை: மெஷ் வைத்தும் குஷன் காயவில்லை என்று இருவர் கேட்டிருந்தனர். இருவருடைய இருக்கைகளும் இடைவெளி இல்லாத பலகைகள். அப்படிப்பட்ட இருக்கைகளில் தண்ணீர் வடிய இடமில்லாததால், மழை விட்டவுடன் குஷனை ஜிப் பக்கம் கீழே இருக்குமாறு சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். என் மாடியில் அரை மணி நேரத்தில் தண்ணீர் சொட்டுவது நின்றுவிடுகிறது, மறுநாள் மாலைக்குள் உட்காரும் அளவுக்குக் காய்ந்துவிடுகிறது.