பழைய கம்ப்யூட்டர் கிளம்பவில்லையா? அவசரத்தில் செய்யக் கூடாதவை

"ஏங்கண்ணு, சிஸ்டம் கிளம்பவே மாட்டீங்குது. நீலமா என்னமோ வந்து வந்து போகுது. சின்னவன் ஃபார்மேட் அடிச்சறலாங்கறான். அடிச்சறட்டுமா?"

சித்திரை மாதக் காலையில் பல்லடத்திலிருந்து அத்தை கூப்பிட்டிருந்தார். "வேண்டாமுங்க அத்தை, சுவிட்சை அணைச்சு வைங்க, ஞாயித்துக்கெழமை வர்றேனுங்க" என்று சொல்லி வைத்தேன். 2012இல் வாங்கிய கம்ப்யூட்டர் அது. விண்டோஸ் 7தான் இன்னும் ஓடுகிறது. மாமாவின் தறிக் கூலிக் கணக்கு பத்து வருடத்துக்கு அதில் இருக்கிறது. பெரியவன் கல்யாணத்து இணைச்சீர் படங்கள் அதில் மட்டும்தான் இருக்கின்றன.

கம்ப்யூட்டர் கிளம்பாமல் போவது ஒன்று. உள்ளே இருப்பது அழிந்துபோவது வேறொன்று. முதலாவது நடந்ததும் பதறிப்போய் இரண்டாவதை நாமே செய்துவிடுகிறோம். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் ஆனது. அதனால் கிளப்புகிற வேலையைத் தள்ளி வையுங்கள். உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதுதான் முதல் வேலை.

ஃபார்மேட் அடிப்பதில் எல்லோரும் ஏமாறுகிற இடம் டி டிரைவ். "படமெல்லாம் டியிலதானுங்க இருக்குது, சியை மட்டும் அழிச்சாப் போதும்" என்பார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் சியும் டியும் பெரும்பாலும் ஒரே ஹார்டு டிஸ்க்கைப் பிரித்துப் போட்ட இரண்டு பாகங்கள், ஒரே காட்டுக்கு நடுவில் வரப்பு போட்ட மாதிரி. டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். ஓஎஸ் (விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் நிரல்) போடும்போது பட்டியலில் தவறான வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வரப்பும் மிஞ்சாது. சியில் இருந்து டிக்கு நகல் எடுத்ததை பேக்கப் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். இன்னொன்று, டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டியதும் "ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா" என்று விண்டோஸ் கேட்கும். டிஸ்க்கில் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்ற குறிப்பு அதற்குப் புரியவில்லை, அதனால்தான் கேட்கிறது. கோப்புகள் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். வேண்டாம் என்று அழுத்திவிட்டு வெளியே வாருங்கள்.

அடுத்த தவறைச் செய்தவன் நானே. 2016இல் அப்பாவின் கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகி, ஒரு நாள் பாதியில் நின்றது. எங்கோ படித்த ஞாபகத்தில் செக்டிஸ்க் கட்டளையை 'ஆர்' சேர்த்துப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் டிஸ்க் இருப்பதே பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடுகிற, மதர்போர்டின் சொந்த நிரல்) தெரியவில்லை. ஆத்தா பேசியதைப் பதிந்து வைத்திருந்த ஒரே கோப்பு அதோடு போனது. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அன்று என்ன நடந்தது என்பது அப்புறம்தான் புரிந்தது. செக்டிஸ்க் கோப்பு அமைப்பைச் சரிசெய்கிற கருவி. நல்ல டிஸ்க்கில், கரண்ட் போனதால் குழம்பியதைச் சரிசெய்ய அது உதவும். சாகிற டிஸ்க்கிலோ, 'ஆர்' போட்டால் ஒவ்வொரு செக்டராக, அதாவது டிஸ்க்கின் ஒவ்வொரு சிறு துண்டாகப் படித்துப் பார்க்கிறது, படிக்க முடியாத இடத்தில் மறுபடி மறுபடி முட்டுகிறது, போதாததற்கு எழுதவும் செய்கிறது. மூச்சிரைக்கிற ஆளை மலையேறச் சொல்கிற மாதிரி. டிஸ்க் நலமாக இருக்கிறதா என்று தெரியும்வரை அதைத் தொடாதீர்கள்.

தெரிந்துகொள்ள முதலில் காது போதும். டிக், டிக், டிக் என்று ஒரே தாளத்தில் தட்டினால், படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் போய் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சத்தம் கேட்டதும் அணைத்துவிடுங்கள். "இன்னொரு தடவை பார்த்திரலாம்" என்று ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் உள்ளே உள்ள தகடு கீறல்படலாம். விலைமதிப்பில்லாத எதாவது உள்ளே இருந்தால், நேராகத் தகவல் மீட்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள், செலவு கூடுதல்தான் என்றாலும். வீட்டில் டிஸ்க்கின் மூடியைத் திறக்கவே கூடாது. படிக்கும் முனை தகட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது, ஒரு தூசி அதற்குப் பாறை. ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்ற பேச்சையும் நம்பாதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே வியர்க்கும்.

சத்தம் எதுவும் இல்லையென்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கிளப்பலாம். ஹார்டு டிஸ்க்கில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. அதில் டிஸ்க்ஸ் என்று ஒரு நிரல் இருக்கிறது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கும் ஸ்மார்ட் விவரத்தை அது காட்டும். 5, 197 ஆகிய இரண்டு எண்களுக்கு நேரே பாருங்கள். 5 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. 197 பூஜ்யமாக இல்லாவிட்டால் கோப்பைத் திறந்து திறந்து பார்க்காமல் டிடிரெஸ்க்யூ என்ற நிரலைக் கொண்டு முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். அது நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டு, மோசமான இடங்களுக்குக் கடைசியில்தான் போகும். 199 (தகவல் கேபிளில் வரும்போது நேர்ந்த பிழைகள்) மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் கோளாறு. கேபிளை மாற்றுங்கள். பழைய எண் குறையாது, மேலே ஏறாமல் இருந்தால் போதும்.

சரி, அத்தை வீட்டுக்கு வருகிறேன். டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. முதல் வேலையாகக் கணக்கையும் படங்களையும் வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தது. மதர்போர்டில் எட்டணா அளவில் இருக்கும் சிஆர்2032 செல் தீர்ந்திருக்கிறது. 3 வோல்ட் செல் அது. பிளக் செருகியிருக்கும்வரை எஸ்எம்பிஎஸ்ஸில் (கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி) இருந்து வரும் சிறு மின்சாரமே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும், செல் செத்தது வெளியே தெரியாது. கோடை மழைக்கு இடி இடித்ததும் அத்தை பிளக்கைப் பிடுங்கி வைத்திருக்கிறார். அது சரியான பழக்கம்தான். ஆனால் அந்த இரவில் பயாஸ் தன் அமைப்புகளை எல்லாம் மறந்து, டிஸ்க்கைப் படிக்கும் முறையை ஏஹெச்சிஐயில் இருந்து ஐடிஇக்கு மாற்றிக்கொண்டது. ஏஹெச்சிஐயில் போட்ட விண்டோஸ் 7 ஐடிஇயில் தடுமாறி, 7பி என்று முடியும் குறியீட்டோடு நீலத் திரையைக் காட்டிவிட்டு நின்றது. புது செல் போட்டு, தேதியையும் டிஸ்க் முறையையும் சரிசெய்ததும் பழையபடி கிளம்பியது. இதற்குத்தான் ஃபார்மேட் அடிக்க இருந்தார்கள்!

ஆகவே பயாஸில் தேதியைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். "பூட் டிவைஸைத் தேர்ந்தெடு" என்ற ரீதியில் கறுப்புத் திரையில் வந்தால், முன்னால் ஏதாவது பென் டிரைவ் செருகியபடி இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் வீடுகளுக்குத் தனியாக ஒரு சங்கடம் உண்டு: பஞ்சு. தறிக்கூடமோ பனியன் கம்பெனியோ பக்கத்தில் இருந்தால் பிராசஸர் விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே மெத்தை மாதிரி படிந்துவிடும். சூடு வெளியேறாமல் இரண்டு நிமிடத்தில் கம்ப்யூட்டர் தானாக அணையும். அதை டிஸ்க் கோளாறு என்று நினைத்து ஓஎஸ் போட ஆரம்பித்தால் பாதியில் அதுவும் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுங்கள். ஊதும் கருவி இருந்தால் விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், கண்டபடி சுழல விடக் கூடாது. ஈரத் துணி வேண்டாம். அப்போதே ரேமையும் கழற்றி, பொன்னிறப் பகுதியைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பீப் சத்தம் போட்டுக்கொண்டு திரையே வராமல் இருந்த எத்தனையோ கம்ப்யூட்டர்கள் இதோடு எழுந்திருக்கின்றன.

கரண்ட் விஷயத்திலும் ஒரு தவறு நடக்கிறது. 2012 வாக்கில் பல மணி நேர மின்வெட்டு இருந்தபோது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. அது இருக்கிறதே என்று யுபிஎஸ்ஸைத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய. கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாற இன்வெர்ட்டர் எடுக்கும் நேரம் விளக்குக்கும் விசிறிக்கும் பரவாயில்லை, கம்ப்யூட்டருக்கு அது பல சமயம் அதிகம். டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நின்றால், கிளம்பத் தேவையான கோப்பே அரைகுறையாகிவிடும். பல இன்வெர்ட்டர்களில் பின்பக்கம் யுபிஎஸ், ஈகோ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ் பக்கம் தள்ளி வையுங்கள். தனி யுபிஎஸ் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

டிஸ்க்தான் போய்விட்டது என்று உறுதியானால், அதே மாதிரி ஹார்டு டிஸ்க்கைத் தேடாமல் ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) வாங்குங்கள். 2012 கம்ப்யூட்டருக்கும் அது பொருந்தும், வேகத்தில் வேறு கம்ப்யூட்டரோ என்று தோன்றும். புது ஓஎஸ் போடும்போது பழைய டிஸ்க்கின் கேபிளை உருவி விடுங்கள். மாட்டியே இல்லாத டிஸ்க்கை யாராலும் தவறுதலாக அழிக்க முடியாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. இந்த வயதுக் கம்ப்யூட்டர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. கணக்கும் படமும் இணையமும்தான் தேவை என்றால் அதே லினக்ஸ் மின்ட்டை நிரந்தரமாகவே போட்டுக்கொள்ளலாம்.

அத்தை வீட்டில் இணைச்சீர் படங்கள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன: கம்ப்யூட்டரில், பீரோவில் வைத்த வெளி டிஸ்க்கில், ஈரோட்டில் பெரியவன் வீட்டில். செல் மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதி கேபினெட்டின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு வந்தேன்.