கர்ணன் வேஷம் கட்டத் தயாராவது எப்படி: கூத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு, திருத்தணி என்று எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழா நெருங்கினால் போதும், ஊருக்கு நாலு பேருக்காவது வேஷம் கட்டும் ஆசை வந்துவிடும். வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "அழுகையை எப்படி வரவழைக்கிறது?" என்பதுதான். அதைக் கடைசியில் பார்க்கலாம். மூச்சும் காலும் சொன்னபடி கேட்க ஆரம்பித்தால் உணர்ச்சி பின்னாலேயே வரும். அவை கேட்காவிட்டால், நீங்கள் உள்ளுக்குள் எவ்வளவு உருகினாலும் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. அதனால் இங்கே படிகளையும் அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன். உதாரணத்துக்கு, கர்ணன் சாகும் கதையான 'கர்ண மோட்சம்' கூத்தில் வரும் கர்ணன். வேறு வேஷம் என்றாலும், பள்ளி ஆண்டுவிழா நாடகம் என்றாலும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: கதையைக் காதால் கேளுங்கள்

திருவிழா நாட்களில் பகலில் பாரதம் படிப்பார்கள். இரவுக் கூத்துக்கு மட்டும் வந்து போகாமல் பகலிலும் போய் உட்காருங்கள். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும்போது கர்ணனுக்கு என்னென்ன தெரியும் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கவச குண்டலத்தை இந்திரனுக்குக் கொடுத்தாயிற்று. குந்திதான் தாய் என்று தெரிந்தாயிற்று. நாகாஸ்திரத்தை இரண்டாம் முறை விடமாட்டேன் என்று அவளுக்கு வாக்கும் கொடுத்தாயிற்று. இவ்வளவும் தெரிந்த ஒருவன்தான் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுகிறான். இதை எழுதிவைத்தவர் அந்த இடத்தில் வீராவேசமாகக் கத்தமாட்டார்.

இரண்டாம் படி: பாட்டையும் வசனத்தையும் எழுதி எடுங்கள்

1960ல் எல்லையை மாற்றியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, நகரியும் புத்தூரும் ஆந்திராவில் நின்றன. இந்தப் பக்கம் வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளியில் தெலுங்கு படித்த பிள்ளைகள் நிறைய. அவர்கள் கூத்து வாத்தியாரின் ஏட்டைப் பார்த்துத் தெலுங்கு எழுத்தில் எழுதிக்கொள்கிறார்கள். தாராளமாக எழுதலாம். ஆனால் இன்றைய தெலுங்கில் ழகரத்துக்கு எழுத்து இல்லை. 'அழுதாள்' என்பது 'அளுதாள்' ஆகி, மேடையிலும் அப்படியே வந்துவிடும். ழ வரும் இடத்தில் மட்டும் தமிழ் எழுத்தையே போட்டு சிவப்பு மையால் வட்டமிடுங்கள். வாத்தியார் பாடும்போது போனில் பதிவு செய்து, எழுத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

விருத்தம், தரு, வசனம் மூன்றையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். விருத்தம் தாளமில்லாமல் இழுத்துப் பாடுவது, தரு தாளத்தோடு போவது. இரண்டுக்கும் மூச்சு வேறு.

மூன்றாம் படி: குரல்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறி ஓட்டுகிற பையன்கள் பலர் வருகிறார்கள். நாள் முழுக்கத் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் குரல் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாம் தொண்டையிலிருந்தே வரும். கூத்தோ விடியும்வரை போகும். தொண்டைக் குரல் நடுராத்திரிக்குள் கட்டிக்கொள்ளும்.

தரையில் மல்லாந்து படுத்து வயிற்றில் கையை வையுங்கள். மூக்கால் இழுக்கும்போது கை மேலே வர வேண்டும், தோள் அசையக் கூடாது. 'ஸ்' என்று ஒரே சீராக விடுங்கள். நடுவில் நடுங்காமல், கடைசியில் தள்ளாமல் வந்தால் சரி. இதையே எழுந்து நின்று செய்யுங்கள். அப்புறம் ஆர்மோனியத்தில் சுருதி வைத்து, வாயை மூடி 'ம்' என்று தாழ்ந்த ஸ்தாயியில் முனகுங்கள். உதட்டிலும் மூக்கடியிலும் அதிர்வு தெரியும். அது தெரிந்த பிறகுதான் விருத்தத்தின் முதல் அடியை, அதுவும் பாதிக் குரலில். முழுக் குரல் கடைசியாக. இருமல் வந்தாலோ தொண்டை கரகரத்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

கூத்தில் ஒரு வசதி உண்டு: பின்பாட்டு. நீங்கள் பாடிய அடியைப் பின்னால் இருப்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள். மூச்சு எடுக்க வேண்டிய இடம் அதுதான். புதியவர்கள் பதற்றத்தில் அங்கேயும் சேர்ந்து பாடித் தீர்ந்துபோகிறார்கள். ஒத்திகையிலேயே பின்பாட்டின்போது வாயை மூடி, மூக்கால் மூச்சு வாங்கிப் பழகுங்கள்.

நான்காம் படி: கால்

அடவை, அதாவது ஆட்டத்தின் கால் அடிகளை, முதலில் சலங்கை இல்லாமல், தாளச் சொற்களான சொற்கட்டை வாயால் சொல்லிக்கொண்டே ஆடுங்கள். வறண்ட ஆற்று மணல் கிடைத்தால் அங்கே போங்கள். கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெறுங்காலோடு ஆடுங்கள். மணல் காலை இழுக்கும், கெண்டைக்காலுக்கு வலு வரும். பிறகு கெட்டித் தரை, பிறகு சலங்கை, கடைசியில் ஆடிக்கொண்டே தரு. பாடினால் கால் தப்புகிறது, கால் சரியானால் பாட்டு நிற்கிறது என்கிற கட்டம் எல்லோருக்கும் வரும். வேகத்தைக் குறைத்துத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் வழி.

அடவு வந்ததும் கர்ணனுக்கு மூன்று நடைகளைக் கண்டுபிடியுங்கள்: அங்க தேசத்து ராஜாவாக வரும் நடை, பொன்னுருவியை விட்டுப் போகும் நடை, அம்பு பட்டுச் சாயும்போது உடம்பு நகரும் விதம். மூன்றாவதுதான் கஷ்டம். சாகக் கிடக்கிறவன் என்பதற்காக நிஜமாகவே மூச்சைக் குறைத்துப் பேசினால், புண்ணியத்தைத் தாரை வார்க்கும் வசனம் யார் காதிலும் விழாது. தோளும் கழுத்தும் தளர்ந்திருக்கட்டும். வயிற்றில் மூச்சு நிறைந்தே இருக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பழகுவது எந்த மேடைக்கும் உதவும்.

ஐந்தாம் படி: கண்

கேரளக் கலாமண்டலம் 1930ல் தொடங்கியது. அங்கே கதகளி மாணவர்கள் விடியலுக்கு முன்பே எழுந்து, கண்ணில் நெய் விட்டுக் கண் சாதகம் செய்வார்கள். ஆசான் பக்கத்தில் இல்லாமல் நெய் வைத்தியத்தை நீங்களாகச் செய்ய வேண்டாம். தலையை அசைக்காமல், நீட்டிய கட்டைவிரலைக் கண்ணால் மட்டும் தொடர்ந்து பழகினாலே நல்ல பலன்.

ஆறாம் படி: இப்போது உணர்ச்சி

1898ல் மாஸ்கோ கலை நாடக அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி நடிகர்களுக்கு ஒரு கேள்வியைக் கொடுத்தார்: இந்த நிலைமையில் நான் இருந்தால் என்ன செய்வேன்? 'எப்படி உணர்வேன்' என்று அவர் கேட்கவில்லை. வசனத்துக்கு வசனம், கர்ணன் எதிராளியிடமிருந்து என்ன கேட்கிறான் என்று ஓரத்தில் எழுதுங்கள். "அவள் அழாமல் இருக்க வேண்டும்", "சீக்கிரம் புறப்பட வேண்டும்" என்று வினைச்சொல்லில் எழுதுங்கள். 'சோகம்' என்று எழுதினால் அதைச் செய்துகாட்ட முடியாது.

எங்கள் களரியில், அதாவது கூத்து நடக்கும் இடத்தில், இது இன்னும் அவசியம். பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் தெலுங்குக்காரர்கள். கதையை நடத்திப்போகும் கோமாளியான கட்டியக்காரன் நடுநடுவே தெலுங்கில் பேசிச் சமாளித்துவிடுவார். கர்ணனுக்கு அந்த வழி கிடையாது. அவன் என்ன கேட்கிறான் என்பது உடம்பிலேயே தெரிய வேண்டும்.

ஏழாம் படி: கட்டையும் அரிதாரமும்

கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை. லேசான மரம்தான், ஆனாலும் கழுத்து பழக வேண்டும். முன்கூட்டியே தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, இடுப்பில் பழைய புடவைகளைச் சுற்றி ஒத்திகை பாருங்கள். அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசும்போது பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். வசனத்தை மனதுக்குள் ஓட்டிப்பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வண்ணம் எது என்பது ஜமாவுக்கு ஜமா (கூத்துக் குழுவுக்குக் குழு) மாறும், வாத்தியார் சொல்வதே முடிவு.

எட்டாம் படி: திரை

அன்று மதியம் கண்டிப்பாகத் தூங்குங்கள். இரவுச் சாப்பாடு அரை வயிறு. இரண்டு பேர் திரையைப் பிடிக்க, அதன் பின்னால் நின்று முதல் விருத்தம் பாடுவீர்கள். முகம் தெரியாது, குரல்தான் முதலில் போகும். அதனால் அவசரப்படாமல், சுருதி காதில் விழுந்த பிறகு ஆரம்பியுங்கள். திரை விலகி, கட்டியக்காரன் நீங்கள் யார் என்று கேட்கும்போது அவரைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள், கூட்டத்தைப் பார்த்தல்ல.

விடிந்ததும் தேங்காய் எண்ணெயால் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, கஞ்சி குடித்துப் படுங்கள். அன்று முழுக்கக் குரலுக்கு ஓய்வு. மறுநாள், தமிழ் அவ்வளவாகத் தெரியாத ஒருவரைப் பிடித்து, கர்ணன் என்னென்ன செய்தான் என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லாமல் விட்ட இடத்தை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒத்திகையை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.