உடுப்பு மாறினால் போதாது: வில்லன் நாயகனாக வாழும் காமிக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரியில் என் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடிப் படக்கதை வரைகிறார்கள். நானும் கூட உட்கார்ந்து ஸ்கிரிப்டைப் படிப்பேன், பக்கத்தைப் பேனல்களாக, அதாவது தனித்தனிப் படச் சட்டங்களாக, பிரித்துக் கொடுப்பேன். மாதம் ஒருமுறையாவது யாராவது ஒருவர் இந்தக் கதையைக் கொண்டுவந்துவிடுகிறார்: வில்லன் சூப்பர் ஹீரோவின் உடம்புக்குள் புகுந்துவிடுகிறான், அவன் வீட்டுக்கே போய் அவனாகவே வாழத் தொடங்குகிறான். அருமையான கரு. ஆனால் பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் கதை படுத்துவிடுகிறது, அதுவும் பெரும்பாலும் அதே இடங்களில். அந்த இடங்களை எழுதி வைக்கிறேன், வரைகிற யாருக்காவது உதவட்டும்.

முதலில், உடம்பு மாறுவதற்கே பாதிக் கதையைச் செலவழிக்காதீர்கள். ஹெல்மெட், வயர், கண்ணாடிக் குடுவை, பச்சை வெளிச்சம் என்று பன்னிரண்டு பக்கம் போய்விடும். கூடுவிட்டுக் கூடு பாய்வது நமக்குப் புதிதா? விக்கிரமாதித்தன் கதையில் ராஜா கிளியின் உடம்புக்குள் போன நேரம் பார்த்து இன்னொருவன் ராஜாவின் உடம்புக்குள் நுழைந்து அரண்மனைக்குப் போய்விடுகிறான். மந்திரம் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அரண்மனைக்குள் போனவன் என்ன செய்தான் என்பதில்தான் கேட்கிறவர்களின் காது இருக்கும். இரண்டு பக்கத்தில் ஆளை மாற்றிவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள்.

வீட்டுக்குள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் பார்த்ததில் எல்லாவற்றிலும் பெரிய தவறு அங்கே போகாமல் இருப்பதுதான். வில்லன் நாயகனின் சக்தியையும் உடுப்பையும் எடுத்துக்கொண்டு மாடி மாடியாகத் தாவுவான், வங்கியைக் கொள்ளையடிப்பான், நாயகனுக்குக் கெட்ட பெயர் வரும், கடைசியில் சண்டை. அந்த ஆளுடைய வாழ்க்கையை யாருமே தொட்டிருக்க மாட்டார்கள். 1987-ல் வந்த ‘கிரேவனின் கடைசி வேட்டை’ என்ற ஸ்பைடர்-மேன் கதையில் வேட்டைக்கார வில்லன் கிரேவன், ஸ்பைடர்-மேனை மயக்க ஊசியால் சுட்டுப் புதைத்துவிட்டு, அவன் உடுப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் ஊரைச் சுற்றுவான். அங்கே உடுப்பு மட்டும் போதும், ஏனென்றால் தான் அவனைவிடப் பெரியவன் என்று நிரூபிப்பதைத் தவிர கிரேவனுக்கு வேறு ஆசை கிடையாது. உங்கள் வில்லனுக்கு அந்த ஒரே ஆசைதான் என்றால் நீங்களும் அப்படியே எழுதலாம்.

வாழ்க்கையையே எடுத்துக்கொள்கிறவன் கதை வேறு. டான் ஸ்லாட் எழுதிய ‘அமேசிங் ஸ்பைடர்-மேன்’ தொடரில், சாகும் தறுவாயில் இருந்த வில்லன் டாக்டர் ஆக்டோபஸ் (நிஜப் பெயர் ஆக்டேவியஸ்), ஸ்பைடர்-மேனான பீட்டர் பார்க்கரின் உடம்புக்கு மாறிவிடுகிறான். பீட்டர் அந்த நோயாளி உடம்புக்குள் மாட்டிக்கொண்டு, 2012 டிசம்பரில் வந்த 700-வது இதழில் செத்துப்போகிறான். சாவதற்கு முன் பீட்டர் ஒன்று செய்கிறான். தன் நினைவுகள் எல்லாவற்றையும், மாமாவைப் பறிகொடுத்த வலி உட்பட, வில்லனை அனுபவிக்க வைக்கிறான். 2013 ஜனவரியில் தொடங்கிய ‘சுப்பீரியர் ஸ்பைடர்-மேன்’ 31 இதழ்கள் ஓடியதற்கு இந்த ஒரு முடிவுதான் காரணம் என்று நினைக்கிறேன். திருட வந்தவன் தலையில் கடனும் சேர்ந்து விழுந்துவிட்டது. (நம் லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரோடு ஸ்பைடர்-மேனைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவன் பிரிட்டிஷ் காமிக்ஸ்காரன், குற்றவாளியாகத் தொடங்கி அவனாகவே குற்றவாளிகளை எதிர்க்கப் போனவன். அவன் யாருடைய வாழ்க்கையையும் பறிக்கவில்லை.)

எங்கள் பையன் ஒருவன் எழுதியதைச் சொல்கிறேன். அவன் நாயகன் பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுபவன், இரவில் தொப்பூர் கணவாயில் உருளும் லாரிகளிலிருந்து ஆட்களை இழுத்துப் போடுபவன். வில்லன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை போன இன்ஜினியர். முதல் ஸ்கிரிப்டில் உடம்பு மாறியதும் வில்லன் நேராகக் கணவாய்க்குப் போய் லாரிகளைக் கவிழ்க்கத் தொடங்கிவிட்டான். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: விடியற்காலை நாலு மணிக்கு மண்டியில் யார் இருப்பார்கள்? பெட்டி எண்ணிக்கை யார் எழுதுவது, முன்பணம் யாருக்குப் பாக்கி, விலை விழுந்து இரண்டு ரூபாய்க்குக் கேட்கும்போது தக்காளியை ரோட்டில் கொட்டிவிட்டுப் போகிறவரிடம் நாயகன் வழக்கமாக என்ன சொல்வான், அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது? வில்லனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. தெரியாத இடத்தில் அவன் தடுமாறுவதும் சமாளிப்பதும் கற்றுக்கொள்வதும்தான் கதை. பையன் ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்தபோது மண்டி மட்டுமே எட்டுப் பக்கம் இருந்தது, அதில் ஒரு சண்டைகூட இல்லை, எல்லாரும் வாய் திறக்காமல் படித்தார்கள்.

அப்புறம், அடையாளம் கண்டுபிடிக்கிற விஷயம். ஒன்று, யாருமே கண்டுபிடிக்க மாட்டார்கள், வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் பொம்மை மாதிரி இருப்பார்கள். இல்லையென்றால் கழுத்தில் மச்சம் இல்லை என்று சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள், அதுவும் உடம்பே மாறிய கதையில் மச்சம் எங்கே போகும்? நளன் கதையைப் பாருங்கள். சுயம்வரத்தில் நாலு தேவர்கள் நளன் உருவத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இமைக்கிற கண், தரையில் படுகிற கால், வாடுகிற மாலை ஆகியவற்றை வைத்துத் தமயந்தி உண்மையானவனைக் கண்டுகொள்கிறாள். மூன்றுமே மனுஷனாக இருப்பதன் குறைகள். உங்கள் அடையாளமும் அப்படி ஒரு பழக்கத்திலிருந்து வரட்டும். பாலக்கோட்டுக் கதையில் நாங்கள் கண்டுபிடித்தது ராகிக் களி. நம் பக்கத்தில் களியைக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவோம், மெல்ல மாட்டோம். வில்லன் மெல்லுகிறான். அம்மா தட்டைப் பார்க்கிறாள், அவன் தாடையைப் பார்க்கிறாள், “பல்லு வலிக்குதா சாமி?” என்று கேட்கிறாள். அந்தப் பக்கத்தில் வேறு வசனமே இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டதா இல்லையா என்று அடுத்த இருபது பக்கமும் வாசகர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வில்லன்தான் உள்ளே இருக்கிறான் என்பதை வாசகரிடமே மறைத்து, கடைசியில் திருப்பம் என்று அவிழ்ப்பதும் பலருக்கு ஆசை. குறுங்கதையில் நடக்கலாம், தொடரில் வேண்டாம். நம் ஊர்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கிறது. கீசகன் வதத்தில் இருட்டில் பெண் வேஷத்தில் காத்திருப்பது பீமன் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கீசகன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது, அதனால்தான் அந்த நேரத்தில் யாரும் தூங்குவதில்லை. காமிக்ஸுக்கு இதில் தனி வசதி உண்டு. முகமூடிக்குள் இருப்பவன் வெளியே பேசுவது ஒரு பலூனில், உள்ளே நினைப்பது பக்கத்திலேயே ஒரு கட்டத்தில், இரண்டும் ஒரே பேனலில் நிற்கும். பலூனில் “வரேன்மா” என்று இருக்க, கட்டத்தில் “இந்தக் கிழவி யார், இவ்வளவு நேரம் ஏன் வாசலில் நிற்கிறாள்?” என்று இருக்கட்டும். அதோடு முகமூடி போட்டவனுக்கு முகபாவம் வரையவே முடியாது, எனவே நிற்கிற விதத்தை மாற்றுங்கள். பழைய ஆள் தோள் குறுகி நின்றவன் என்றால் இவன் நெஞ்சு நிமிர்த்தி நிற்கட்டும்.

இப்போது சொல்லப்போவதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். நாயகனின் மனைவியோடோ காதலியோடோ வில்லன் நெருங்குவதைச் சிரிப்புக்கோ கிளுகிளுப்புக்கோ எழுதாதீர்கள். அவள் சம்மதித்தது வேறு ஒருவனுக்கு. ‘சுப்பீரியர்’ வந்த நேரத்தில் பீட்டரின் பழைய காதலி மேரி ஜேன் விஷயம்தான் வாசகர்களை அதிகம் கலங்க வைத்தது, ஆக்டேவியஸ் அவளை அடைய முயன்று, பிறகு விலகுவதாகக் கதை போனது. நம்மிடம் இதற்கு மிகப் பழைய ஓர் அளவுகோல் இருக்கிறது. சாத்தனூரில் இடையன் மூலன் இறந்துகிடக்க, கதறும் பசுக்களுக்காக அவன் உடம்புக்குள் புகுந்தவர் திருமூலர். மாலையில் மாடுகளை வீடு சேர்த்தார். மூலனின் மனைவி வந்து அழைத்தபோது, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகி மடத்துக்குப் போய்விட்டார். ஓர் உடம்பை எடுத்துக்கொண்டவர் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது அந்த ஒரே மாலைக்குள் முடிவாகிவிட்டது. உங்கள் வில்லன் அந்தக் கோட்டைத் தாண்டினால் அதைக் குற்றமாகவே காட்டுங்கள், அந்தப் பெண்ணுக்குப் பேச இடம் கொடுங்கள்.

வில்லனை முட்டாளாகவோ வெறும் அரக்கனாகவோ வைத்திருப்பதும் தவறுதான். சில வேலைகளை அவன் நாயகனைவிட நன்றாகச் செய்ய வேண்டும். ஆக்டேவியஸ், பீட்டர் பாதியில் விட்ட முனைவர் பட்டத்தை முடிக்கிறான், பார்க்கர் இண்டஸ்ட்ரீஸ் தொடங்குகிறான், ஊர் முழுக்கச் சின்னச் சிலந்தி ரோபோக்களை விட்டுக் கண்காணிக்கிறான். அதே ஆள், தோற்றுத் தரையில் கிடக்கும் கொலைகாரன் ஒருவனைச் சுட்டுக் கொல்கிறான். திறமையும் கொடுமையும் ஒரே வேரிலிருந்து வருகின்றன, எனக்கு எல்லாம் தெரியும் என்ற வேர். பாலக்கோட்டு வில்லனும் வியாபாரிகளை மடக்கி விவசாயிகளுக்கு நல்ல விலை வாங்கிக் கொடுக்கிறான். பிறகு, சொன்னதைக் கேட்காத ஒரு பெரியவரின் பெட்டிகளைத் திருப்பி அனுப்புகிறான். அந்தப் பெரியவருக்கு இரண்டு பேனல் கொடுக்கச் சொன்னேன், பையன் ஒரு முழுப் பக்கம் கொடுத்தான்.

வில்லனுக்கு அந்த வாழ்க்கை எதற்கு என்பதையும் பலர் யோசிப்பதில்லை. எங்கள் பிள்ளைகளை ஒருநாள் தர்மபுரி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய் நடுகற்களைக் காட்டினேன். இன்னான் ஆட்சியில், இன்னான் சேவகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான் என்று இந்தப் பக்கத்துக் கற்களில் வெட்டியிருக்கும். மாடு மீட்டுச் செத்த ஒருவனின் பெயரை ஊர் மறக்காமல் வைத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு அது. சாகப்போகும் வில்லனுக்கு வேண்டியதும் அந்தக் கல்தான். ஆனால் நாயகனின் உடம்பில் இருந்துகொண்டு அவன் எத்தனை பேரைக் காப்பாற்றினாலும் கல்லில் ஏறுவது நாயகனின் பெயர். ‘சுப்பீரியரில்’ இது நேராகவே நடக்கிறது: பீட்டர் பெயரில் அவன் எழுதிய ஆய்வு, ஆக்டேவியஸிடமிருந்து திருடியது என்று குற்றம் சாட்டுகிறார்கள். தன்னுடையதைத் தானே திருடியவன் ஆகிவிட்டான். இந்த வலியைத் தொடாமல் உலகை ஆள்வேன் என்று கத்தவைத்தால் அவன் அட்டைப் பொம்மையாகிவிடுவான்.

முடிவில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடாதீர்கள். ஆக்டேவியஸ் நிஜமாகவே நேசித்த அன்னா மரியா மார்கோனி ஆபத்தில் இருக்கும்போது, அவளைக் காப்பாற்றத் தன்னைவிடப் பீட்டரால்தான் முடியும் என்று உணர்ந்து, தன்னை அழித்துக்கொண்டு உடம்பைத் திருப்பிக் கொடுக்கிறான். திரும்பி வந்த பீட்டருக்குத் தான் தொடங்காத கம்பெனி, தான் எழுதாத ஆய்வுக்குப் பட்டம், தான் காதலிக்காத ஒரு காதலி. வில்லன் போய்விட்டாலும் அவன் வாழ்ந்தது போகவில்லை.

எங்கள் பையன் முதலில் கடைசிப் பக்கத்தில் நாயகனைக் கணவாயின் உச்சியில் கைகட்டி நிற்க வைத்திருந்தான். பிறகு அவனே அழித்துவிட்டு வேறு வரைந்தான். வீடு, இரவு, தட்டில் களி. நாயகன் ஒரு வாய் எடுத்து விழுங்குகிறான். அம்மா எதிரில் நின்றபடி அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், இன்னும் உட்காரவில்லை.